கூறைச் சேலைக்குப் பேரம் பேசலாமா? டொரோண்டோவிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பத்துக்கு ஒரு பதில்

அண்ணனின் கல்யாணத்துக்குக் கூறையும் மற்றச் சேலைகளும் நகையும் எடுப்பதற்காக, ஜூலை இறுதியில் அம்மாவுடன் டொரோண்டோவிலிருந்து சென்னைக்கு 16 நாள் பயணமாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் பாதியைக் கேட்க வேண்டும் என்பது அம்மாவின் கருத்து. தியாகராய நகரில் பேரம் பேசினால் சிரிப்பார்கள் என்பது மச்சாளின் கருத்து. இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்களே, "எங்கட தமிழைக் கேட்டவுடனே விலையைக் கூட்டிவிடுவார்களா" என்று, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. எத்தனை விழுக்காடு குறைக்கலாம் என்பதைவிட, ஊருக்குப் புதியவர்கள் என்பதால் ஏமாந்துவிடுவோமோ என்ற அச்சமே அதில் தெரிகிறது. ஆகவே அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

பட்டுத் துணி வியாபாரத்தில் 23 ஆண்டுகள் இருந்தேன். முதல் ஒன்பது ஆண்டுகள் பனகல் பூங்கா அருகில் ஒரு கடையில் விற்பனையாளனாகப் பாயில் அமர்ந்து புடவை விரித்தேன். பிறகு கொள்முதல் பிரிவுக்கு மாறி, காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் வாரந்தோறும் சென்று வந்தேன். ஆகையால் பட்டைப் பற்றி நான் சொல்பவை நேரில் கண்டவை. நகைக் கடையில் நான் வேலை பார்த்ததில்லை. அதைப் பற்றிச் சொல்பவை, என் வீட்டுக் கல்யாணங்களுக்கு வாங்கியதிலிருந்தும், உறவினர்களுக்குத் துணையாகப் போனதிலிருந்தும் தெரிந்துகொண்டவை. இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் படிக்க வேண்டாம்.

உங்கள் அம்மா சொல்வதும் சரி, மச்சாள் சொல்வதும் சரி. இருவரும் வேறு வேறு கடைகளை நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். உஸ்மான் சாலையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் உள்ள பல மாடிப் பட்டுக் கடைகளில் ஒவ்வொரு புடவைக்கும் பார்கோடு ஒட்டிய விலைச்சீட்டு உண்டு. அந்த விலையைக் குறைக்கும் அதிகாரம் உங்கள் முன்னால் அமர்ந்து புடவை விரிப்பவருக்குக் கிடையாது. அவர் விரும்பினாலும் கணினி ஒப்புக்கொள்ளாது. அவரிடம் பாதி விலை கேட்டால் அவர் சிரிக்க மாட்டார், ஆனால் அடுத்த புடவையை விரிக்கும் ஆர்வம் குறைந்துவிடும். இது நான் உறுதியாகச் சொல்லக்கூடியது. அதே கடைகளில் தளப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார். கல்யாணக் கொள்முதலாகப் பத்துப் பதினைந்து புடவைகள் ஒன்றாகச் சேரும்போது, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு, பில் போடுவதற்கு முன்னால், அவரிடம் "மொத்தமாக எடுக்கிறோம், ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று ஒரு முறை கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. சில கடைகளில் சிறிதளவு குறைப்பார்கள், சில கடைகளில் கறாராக மறுப்பார்கள். மறுத்தால் விலையை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள்: முந்தியில் குச்சம் கட்டித் தருவது, ஃபால் வைத்து ஓரம் அடித்துத் தருவது, தங்கும் இடத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது, பிரிக்காத புடவையைக் குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. விலையில் அசையாத கடை இவற்றில் பெரும்பாலும் அசையும். குறுகிய நாள் பயணமாக வருபவருக்கு ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடியைவிட இவை அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நான் விற்பனையாளனாக இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் என்று தெரிந்தால் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நலம் விசாரிப்பதுபோல இரண்டு கேள்விகள் கேட்பேன். கல்யாணம் என்றைக்கு என்பது முதல் கேள்வி. ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு மரியாதையைத் தவிர வேறு நோக்கம் கிடையாது. இரண்டாவது கேள்வியின் பதிலைத்தான் நாங்கள் கவனமாகக் கேட்டுக்கொள்வோம். "நாளை மறுநாள் ஃப்ளைட்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், அந்தக் குடும்பம் இன்னொரு கடை ஏறாது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு விரிக்கப்படும் புடவைகளின் வரிசையே மாறும். விலைச்சீட்டைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. நீண்ட நாள் தேங்கிய சரக்கையும், விற்பனையாளனுக்குத் தனி ஊக்கத்தொகை வைத்திருக்கும் சரக்கையும் முன்னால் கொண்டுவந்தால் போதும். அதே விலையில் அதைவிட நல்ல புடவை மேல் அடுக்கில் இருக்கும், ஆனால் அதை எடுத்துக் காட்டுவதற்கு எனக்கு எந்தக் காரணமும் இருக்காது. இதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பொய் எதுவும் சொல்லாமலேயே இது நடந்தது என்பதனால் அந்தக் காலத்தில் உறுத்தவில்லை. ஆகவே திரும்பும் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள். "இன்னும் ஒரு மாதம் இருக்கிறோம், அடுத்த வாரம் சித்தப்பா குடும்பமும் வந்து பார்ப்பார்கள்" என்பது போதும்.

உங்கள் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கடைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை மறைக்க முயல வேண்டாம். கடைக்குள் தமக்குள் "ஃபாரின் பார்ட்டி" என்று சொல்லிக்கொள்வார்கள், உங்கள் காதில்கூட விழலாம். விலைச்சீட்டு உள்ள கடையில் அதனால் விலை மாறாது. ஒரே புடவையை உள்ளூர்க்காரருக்கு ஒரு விலைக்கும் உங்களுக்கு வேறு விலைக்கும் பில் போட முடியாது. விலைச்சீட்டு இல்லாத சிறிய கடைகளில் கூட்டிச் சொல்வது உண்டு. ஆனால் அது யாழ்ப்பாணத் தமிழுக்கு மட்டும் உரியதல்ல, காரில் வந்து இறங்கும் கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கும் அதே கதிதான். சென்னைத் தமிழில் பேசிப் பழகிக்கொண்டு வருவதால் பயன் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பேச்சைவிட அதிகமாகக் காட்டிக்கொடுப்பது வேறொன்று: விலையைக் கேட்டதும் கைபேசியை எடுத்து டாலரில் வகுத்துப் பார்த்து, "இவ்வளவுதானா" என்று ஆங்கிலத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. எதிரில் இருப்பவருக்கு ஆங்கிலம் புரியாது என்று நம்புவதுபோல அபாயம் வேறில்லை. கணக்கைத் தங்கும் அறையிலேயே முடித்து, கூறைக்கு இவ்வளவு, மற்றவற்றுக்கு இவ்வளவு என்று ரூபாயில் எழுதிக்கொண்டு கிளம்புங்கள். கடையில் முதலில் சொல்லும் தொகை அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும்.

பேரத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வது, விலையைப் பேசுவதற்கு முன்னால் பொருள் எதுவென்று நிச்சயம் செய்துகொள்ளுங்கள் என்பதே. பட்டில் இது மிக முக்கியம். ஏனென்றால் காஞ்சிபுரப் புடவையின் விலையைத் தீர்மானிப்பது பட்டைக் காட்டிலும் ஜரிகைதான். அசல் ஜரிகை என்பது பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. பெரும்பாலும் சூரத்திலிருந்து வருவது. வியாபாரத்தில் அதை மார்க்குக் கணக்கில் எடைபோடுவார்கள். ஒரு மார்க்கு என்பது ஏறத்தாழ 240 கிராம். வெள்ளி விலை ஏறினால் புடவை விலையும் உடனே ஏறும். இதற்கு மாறாக, செப்புக் கம்பியில் முலாம் பூசிய ஜரிகை உண்டு. அதற்கும் கீழே பிளாஸ்டிக் படலத்தால் ஆன போலி ஜரிகை உண்டு. மூன்றும் கடை வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே மின்னும், ஆனால் விலை பாதிக்கும் கீழே இறங்கலாம். இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்: போலி ஜரிகைப் புடவை ஒன்றை அசல் ஜரிகையின் விலைக்குச் சற்றுக் கீழே சொல்லி, நீங்கள் அரை மணி நேரம் வாதாடிய பிறகு நான்கில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுத்தால், வென்றுவிட்டோம் என்ற மகிழ்ச்சியோடு வெளியே வருவீர்கள். கடைக்காரரும் மகிழ்ச்சியோடுதான் இருப்பார். தாராளமாகக் குறைக்கும் கடை என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். பட்டு அசலா என்பதற்குச் சில்க் மார்க் என்ற முத்திரை உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்தது, ஹோலோகிராம் ஒட்டிய அட்டையாகப் புடவையில் தொங்கும். ஆனால் அது பட்டு இழைக்கு மட்டுமே சான்று. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை விற்பனையாளர்கள் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. முத்திரை இல்லாத இடத்தில், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினால், பட்டு தலைமுடி கருகும் வாடையுடன் எரிந்து பொடியாக உதிரும்; பாலியஸ்டர் உருகி உருண்டையாக இறுகும். ஜரிகைக்கு, நகத்தால் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். இது ஓரளவுக்கே நம்பத்தக்கது, ஏனெனில் போலி ஜரிகையிலும் உள்ளே சிவப்பு நூலை வைத்துச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 23 ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும், வெறும் கண்ணால் பார்த்து இது அசல் ஜரிகை என்று சத்தியம் செய்ய நான் துணியமாட்டேன். எக்ஸ்ரே முறையில் உலோகங்களின் அளவைக் காட்டும் கருவி சில பெரிய கடைகளில் இருக்கிறது. கூறைக்கு மட்டுமாவது அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், வெள்ளியும் தங்கமும் எத்தனை விழுக்காடு என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது பேரமாகத் தோன்றாது, ஆனால் நான் கண்டவரையில் இதைவிட வலிமையான பேரம் கிடையாது. பில்லில் எழுதத் தயங்குபவர் தாமாகவே விலையைக் குறைக்கத் தொடங்குவார். அப்போது எழுந்து வந்துவிடலாம்.

நேராகக் காஞ்சிபுரத்துக்கே போய்விட்டால் மலிவாகக் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். சில நேரங்களில் மலிவுதான், எப்போதும் அல்ல. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசல்களிலும் "நெசவாளர் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன்" என்று ஆட்டோக்காரரோ வழிகாட்டியோ வந்து நிற்பார். அவர் அழைத்துப் போகும் இடத்தில் முன்னறையில் ஒரு தறி இருக்கும், பின்னறை முழுவதும் கடையாக இருக்கும். அவருக்குச் சேர வேண்டிய பங்கு உங்கள் விலையில் ஏறியிருக்கும், நீங்கள் என்ன பேரம் பேசினாலும் அந்தப் பங்கு குறையாது. உண்மையான நெசவாளர் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ முதலாளிக்கோ கூலிக்கு நெய்பவர். பாவும் ஜரிகையும் அவருடையவை அல்ல, தறியில் இருக்கும் புடவையை விற்கும் உரிமையும் அவருக்குக் கிடையாது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு நெசவாளரும் துணையாளுமாக இருவர் அமர்ந்து பத்துப் பதினைந்து நாட்கள் உழைக்கிறார்கள். அப்படிச் சொந்தமாக நெய்து விற்கும் ஒருவரை நீங்கள் தெரிந்தவர் மூலம் கண்டுபிடித்தால், அவரிடம் பாதி விலை கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். காஞ்சிபுரத்தில் பேரமே தேவைப்படாத இடம் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள். வண்ணத் தேர்வு குறைவாக இருக்கலாம், உபசாரம் சுமாராக இருக்கலாம், ஆனால் ஜரிகையின் தரத்தைச் சொல்லி, விலையை எழுதி, எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கொடுப்பார்கள். அங்கே வாங்காவிட்டாலும் ஒரு மணி நேரம் விலைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் போக நேரமில்லையென்றால், எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையம் அந்த வேலையைச் செய்யும். அந்த விலைப் பட்டியல் கையில் இருந்தால், பிறகு எந்தக் கடையில் அமர்ந்தாலும் உங்கள் குரலில் ஓர் உறுதி வந்துவிடும்.

நீங்கள் வரும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி மாதம் ஜூலை 17ஐ ஒட்டித் தொடங்கி ஆகஸ்ட் 16 வரை ஓடும். அது முழுவதும் கனடாவின் கோடை விடுமுறைக்குள் வந்து விழுகிறது. தமிழ்நாட்டில் ஆடியில் கல்யாணம் செய்வதில்லை, ஆகவே கடைகள் தள்ளுபடியை அறிவித்துக் கூட்டத்தை இழுக்கின்றன. அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் உண்மையானதுதான், ஆனால் எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. அன்றாடம் உடுத்தும் புடவை, உறவினருக்குக் கொடுக்கும் புடவை, குழந்தைகளின் உடை ஆகியவற்றை அப்போது எடுப்பது ஆதாயம். கல்யாணப் பட்டுக்குத் தள்ளுபடி குறைவு. அப்படித் தள்ளுபடியில் கிடைத்தாலும் அது சென்ற பருவத்தில் விற்காமல் நின்ற சரக்காக இருக்கலாம். பழைய சரக்கு மோசமானது என்று பொருளல்ல. ஆனால் மடிப்பில் நெடுநாள் இருந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டிலேயே நைந்திருக்கலாம், விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் போதும். ஆடியின் பெரிய நன்மை வேறு: தளப் பொறுப்பாளருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்கும். தை மாசியிலோ வைகாசியிலோ அவர் உங்களை ஏறிட்டுப் பார்க்கக்கூட மாட்டார். ஆடியில் கூறை எடுப்பதை அம்மா ஒப்புக்கொள்வாரா என்பது உங்கள் வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. ஒப்புக்கொள்ளாவிட்டால் பயணத் தேதியை ஆவணிக்குத் தள்ளலாம். ஆனால் ஆவணியில் கூட்டமும் இருக்கும், பேசுவதற்கு இடமும் குறைவு.

நகைக்கு வருவோம். தங்கத்தின் அன்றைய விலை சென்னை முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. அதில் பேரம் கிடையாது. அசையும் பகுதி சேதாரமும் செய்கூலியும்தான். இப்போது இரண்டையும் சேர்த்து ஒரே விழுக்காடாகச் சொல்கிறார்கள், பில்லில் வி.ஏ. (வேல்யூ அடிஷன்) என்று போடுவார்கள். எளிய சங்கிலிக்கு ஒற்றை இலக்கத்தில் தொடங்கி, வேலைப்பாடு மிகுந்த ஆரத்துக்கு 20 விழுக்காட்டையும் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். இதை ரூபாயில் பேசாமல் கிராமில் பேசுங்கள். ஐந்து பவுன், அதாவது 40 கிராம் சங்கிலிக்கு 14 விழுக்காடு சேதாரம் என்றால் 5.6 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதை 11 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் 4.4 கிராம். மூன்று விழுக்காடு என்று கேட்கும்போது சிறியதாகத் தோன்றும் அந்த வேறுபாடு 1.2 கிராம் தங்கம், அதன்மேல் 3 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும். இன்னொரு இடமும் உண்டு: கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஹால்மார்க் முத்திரையுடன் ஆறு இலக்க அடையாளக் குறியீடு இல்லாத தங்க நகையைக் கடைகள் 2023 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது. அந்தக் குறியீட்டை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் தட்டச்சு செய்தால் நகையின் விவரம் வந்துவிடும். தாலிக்கொடியைப் பொறுத்தவரை ஒரு தயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தாலிக்கான பொன்னை உருக்கும் சடங்கான பொன்னுருக்கலுக்குப் பிறகு உங்கள் ஆசாரிதான் அதைச் செய்வது உங்கள் வீட்டு வழக்கம் என்றால், அதைச் சென்னையில் தேடாமல் இருப்பதே நல்லது. இங்கே கடைகளில் கிடைக்கும் தாலிச் சங்கிலி வேறு, உங்கள் கொடியின் அமைப்பு வேறு. அறியாத வடிவத்தை அவசரமாகச் செய்யச் சொல்லும் இடத்தில் பேரம் பேசுவதால் பயன் இல்லை.

பேரத்தின் நடுவே இரண்டு சலுகைகள் உங்களிடம் நீட்டப்படலாம், இரண்டையும் மறுத்துவிடுங்கள். பில் வேண்டாம் என்றால் வரியைக் குறைத்துக்கொள்கிறோம் என்பது முதலாவது. பட்டுப் புடவைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. அதை மிச்சம் பிடிக்கப் போய், ஜரிகை போலி என்று பின்னால் தெரிந்தால் கையில் எந்தச் சான்றும் இருக்காது. கனடாவின் சுங்கத்துக்காகக் குறைந்த தொகைக்குப் பில் போட்டுத் தருகிறோம் என்பது இரண்டாவது. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே தங்கித் திரும்பும் ஒருவர் 800 கனடிய டாலர் மதிப்புவரை தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். கல்யாணக் கொள்முதல் அந்த அளவை எளிதில் தாண்டும். தாண்டுவதை ஒளிக்காமல் சொல்லித் தீர்வையைக் கட்டிவிடுவது, பொய் பில்லோடு பிடிபட்டு நகையை இழப்பதைவிட மிக மலிவு. ரொக்கமாகக் கொடுத்தால் குறைப்பார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். சிறிய கடைகளில் வங்கி அட்டைக்கு ஆகும் கட்டணம் மிஞ்சுவதால் சிறிதளவு குறைப்பது உண்டு. ஆனால் ஒரே கொள்முதலுக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் முதல் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆகவே கூறைக்கும் நகைக்கும் கட்டுக்கட்டாகப் பணத்தைச் சுமந்துகொண்டு போக வேண்டாம்.

உங்கள் அம்மாவின் திறமைக்கு இடமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. பாண்டி பஜாரின் சிறிய கடைகளும் ரங்கநாதன் தெருவின் ஓரக் கடைகளும் சௌகார்பேட்டையின் வளையல், கவரிங், கெம்புக்கல் செட் கடைகளும் அவருடைய களம். பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைகளில் எண்ணிக்கையைச் சொல்லிப் பேசலாம். ஐந்நூறு அட்டைக்கும் ஆயிரம் அட்டைக்கும் ஒன்றின் விலை நன்றாகவே மாறும். இந்த இடங்களில் முதல் விலை என்பது பேச்சைத் தொடங்குவதற்காகச் சொல்லப்படுவது. கடைக்காரரும் நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள் என்றே எதிர்பார்க்கிறார். பாதியில் தொடங்குவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கவரிங் நகைக்குப் பாதியும் சரி, அழைப்பிதழுக்கு அது அவமானமாகப் போய்விடும். காலையில் கடை திறந்தவுடன் போனால் போணி நேரம். முதல் வாடிக்கையாளரை வெறும் கையோடு அனுப்ப விரும்பாத பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது, விலை இறங்கும். ஆனால் அதே காரணத்தால், வாங்கும் எண்ணம் இல்லாமல் அந்த நேரத்தில் விலை கேட்டுவிட்டு எழுந்து போனால் மனவருத்தம் உண்டாகும். எந்த நேரமானாலும் ஒரு நாகரிகம் உண்டு: நீங்கள் ஒரு தொகையைச் சொல்லி, கடைக்காரர் அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு வாங்கியே ஆக வேண்டும். வாங்க மனமில்லாத பொருளுக்கு விலை சொல்லவே கூடாது. பெரிய பட்டுக் கடையில் இதற்கு நேர்மாறு. முப்பது புடவைகளை விரிக்கச் செய்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்தாலும் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், அது எங்கள் அன்றாட வேலை. உங்களைப் போன்றவர்கள் அந்தக் கூச்சத்தினாலேயே பிடிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நாட்களை எப்படிப் பிரிப்பது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். முதல் இரண்டு நாள் எதையும் வாங்காமல் கோ-ஆப்டெக்ஸிலும் இரண்டு மூன்று கடைகளிலும் விலையை மட்டும் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் கூறையை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் குச்சமும் ரவிக்கையும். தையற்காரர் உங்கள் திரும்பும் தேதியை எப்படியும் கேட்பார், அவரிடம் மறைக்க முடியாது. ஆனால் உண்மைத் தேதிக்கு நான்கு நாள் முந்திய ஒரு தேதியைச் சொல்லுங்கள். அவசரக் கூலி என்று ஒன்று கேட்பார், அதைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். நகையை நடுவில் ஒரு வார நாளில், காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தியாகராய நகருக்குள் நுழைவதையே தவிருங்கள். கடைசி மூன்று நாளுக்கென்று அழைப்பிதழ், வளையல், உறவினருக்கான சிறு பொருள்கள் ஆகியவற்றை மட்டும் மீதம் வைத்து, அந்த மூன்று நாளும் அம்மாவை முன்னால் நடக்கவிட்டு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள்.